ஃப்ரெய்ட்டர் முதல் இன்றைய குப்பை லாரி வரை: தளம் ஏன் அவ்வளவு தாழ்வு?

பிப்ரவரி 4, இரவு 10.40

குப்பை லாரி பற்றி எங்கே பேச்செடுத்தாலும் குப்பையை அமுக்கி இறுக்கும் இயந்திரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1938, அமெரிக்கா, கார்வுட் லோட்-பேக்கர், நவீன குப்பை லாரி பிறந்தது, சுபம். எனக்கு இது ஒப்பவில்லை. என் கணக்கில் அது 1923-லேயே இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் ஊரில் பிறந்துவிட்டது. அந்த வண்டி எதையும் அமுக்கவில்லை.

பெயர் ஃப்ரெய்ட்டர். செய்தவர்கள் ஹாரி ஷெல்வோக், ஜேம்ஸ் ட்ரூரி என்ற இருவர். இருவரும் அதே ஊரில் லாக்ரே என்ற மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். 1922-ல் வெளியே வந்து சொந்தக் கடை போட்டார்கள். ஷெல்வோக் அண்ட் ட்ரூரி என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை, எஸ்.டி. என்றால் போதும்.

படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். 20 அங்குலச் சக்கரம். காற்றில்லாத கெட்டி ரப்பர் டயர். தரையோடு தரையாக ஒரு பலகை, அதன் முன் மூலையில் பெட்டிக்கடை மாதிரி ஓர் அறை. ஸ்டீயரிங் வீல் கிடையாது. டிராம் ஓட்டுகிற மாதிரி இரண்டு கைப்பிடி, ஒன்று திருப்ப, இன்னொன்று கியருக்கு. எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்திருப்பார்கள்.

எல்லாம் எதற்கு? தளத்தைத் தாழ்த்த. குப்பைத் தொட்டியைத் தூக்குகிறவனின் தோளை முதலில் வைத்து, வண்டியை அதற்குப் பிறகு வரைந்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய மோட்டார் வண்டிகள் எதிலும் அந்த வரிசை இல்லை. இதுதான் என் வாதம். மறுப்பவர்கள் வரலாம்.

பிப்ரவரி 5, காலை 6.15

நீ யார் இதைச் சொல்ல என்று ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார். நியாயம். இங்கிலாந்தில் ஒரு நகராட்சி டிப்போவில் ஹைட்ராலிக் ஃபிட்டர், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் பாகங்களைப் பழுது பார்ப்பவன். அதற்கு முன் இரண்டு குளிர்காலம் குப்பை லாரிக்குப் பின்னால் ஓடியவன். வலது தோள் இன்றைக்கும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லும். அந்தத் தோள்தான் பேசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 5, இரவு 11.05

குதிரையை விட்டுவிட்டேன்.

மோட்டார் குப்பை வண்டி 1923-க்கு முன்பே உண்டு. 1897-லேயே லண்டன் பக்கத்துச் சிஸிக் நிர்வாகம் தார்னிக்ராஃப்ட் கம்பெனியிடம் நீராவி வண்டி வாங்கியிருக்கிறது, பின்பக்கம் சாய்த்துக் கொட்டுகிற வகை. ஆனாலும் அடுத்த இருபது முப்பது வருடம் தெருவில் குதிரைதான் ஜெயித்தது. காரணம் குப்பை எடுத்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு நிற்க வேண்டும். பத்தடி போ, நில். பத்தடி போ, நில். குதிரைக்குக் கிளட்ச் தேயாது. ஆள் தொட்டியோடு வரும்போது தானே நாலு எட்டு எடுத்து வைத்து அடுத்த வாசலில் நிற்கும். டிரைவர் சம்பளம் மிச்சம்.

குதிரை தோற்கிற இடம் தூரம். ஊர் வளர வளரக் கொட்டுமிடம் தள்ளிப் போகும். வண்டி நிறைந்த பிறகு நாலு மைல் நடந்து போய், நாலு மைல் நடந்து வரணும்.

1920-களின் தொடக்கத்தில் இதற்கு இரண்டு பதில் வந்தது. ஒன்று பேஜ்ஃபீல்ட் முறை: தெருவில் குதிரை சின்னப் பெட்டியை இழுக்கும், பெட்டி நிறைந்ததும் லாரி வந்து அதை அப்படியே தன் முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடும், குதிரைக்கு வேறு காலிப் பெட்டி. இன்றைய கன்டெய்னர் யோசனைக்கு இது பெரியப்பா முறை.

இன்னொன்று ஃப்ரெய்ட்டர். குதிரையை வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, குதிரை மாதிரி நடந்துகொள்கிற ஒரு மோட்டார். மெதுவாகப் போகும், அடிக்கடி நிற்கும், சந்துக்குள் திரும்பும். கைப்பிடி வைத்ததற்கும் இதுதான் காரணம் என்பார்கள். நேற்று வரை கடிவாளம் பிடித்தவரை இன்றைக்கு உட்கார வைத்து ஓட்டச் சொல்லலாம்.

பிப்ரவரி 7, மாலை

ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

"தளம் தரையோடு தரையாக என்கிறீர்கள். குப்பையைத் தளத்திலா கொட்டுவார்கள்? பக்கச் சுவர் என்ன உயரம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. தளம் தாழ்ந்திருக்கலாம், ஆனால் தொட்டியைக் கவிழ்ப்பது சுவரின் விளிம்பில். தூக்க வேண்டிய உயரம் என்பது தளமும் சுவரும் சேர்ந்தது. தளத்தை மட்டும் சொன்னது பாதி உண்மை.

மீதிப் பாதி இது. அதே கொள்ளளவுக்கு அதே உயரச் சுவர் வேண்டும் என்று வையுங்கள். சேஸிஸ் (அடிச்சட்டம்) உயர்ந்த லாரியில் அந்த விளிம்பு ஆளின் தலைக்கு மேலே போய்விடும். பழைய படங்களில் லாரி பக்கவாட்டில் ஒரு குட்டி ஏணி தொங்கும், ஆள் தோளில் தொட்டியோடு அதில் ஏறிக்கொண்டிருப்பார். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தரம் அந்த ஏணி என்று யோசியுங்கள். ஃப்ரெய்ட்டரில் ஏணி தேவைப்படவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

"தோளை வைத்து வரைந்தார்கள்" என்பதை வாபஸ் வாங்கவில்லை. "தரையோடு தரையாக" என்ற உற்சாகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 8

குறுக்குவாட்டு எஞ்சின் பற்றி. எஞ்சினைக் குறுக்கே வைத்துப் பேர் வாங்கிய மினி கார் 1959. அதற்கு 36 வருடம் முன்பே குப்பை வண்டியில் எஞ்சினைக் குறுக்கே போட்டாயிற்று என்று டிப்போவில் சொன்னால் எவரும் நம்புவதில்லை. உலகத்திலேயே முதல் என்று நான் சொல்லவில்லை, அதற்கும் முன்னால் செய்தவர்கள் உண்டு. இடத்தை மிச்சம் பிடிக்கணும் என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒரே இடத்தில்தான் போய் முட்டிக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 8, மறுபடி

கியர்பாக்ஸ். இதை எழுதாமல் தூக்கம் வராது.

ஃப்ரெய்ட்டரில் இருந்தது எபிசைக்ளிக் வகை, மூன்று வேகம். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி ஓடும் சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். எதைப் பிடித்து நிறுத்துகிறோமோ அதைப் பொறுத்து வேகம் மாறும். பற்களைப் பிரித்துச் சேர்க்கிற வேலையே இல்லை. கடகட சத்தமில்லை, தவறான நேரத்தில் மாற்றிப் பல் உடைவதுமில்லை. புதிதாகக் கற்றுக்கொண்ட ஆள் நாள் முழுக்க நின்று நின்று ஓட்டினாலும் தாங்கும். ஃபோர்டு மாடல் டி-யிலும் இதே குடும்பம்தான்.

நடுவில் பல பத்தாண்டு குப்பை லாரிகள் சாதாரண லாரி கியருக்கு மாறின. நான் வேலைக்குச் சேர்ந்தபோது டிப்போவில் கிளட்ச் கியர் வண்டிகள் இரண்டு மிச்சம் இருந்தன. கிளட்ச் தட்டு மாற்றுவது எங்களுக்கு வருடாந்தரத் திருவிழா. இப்போது எல்லாம் அல்லிசன் கம்பெனியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பிரித்துப் பாருங்கள், உள்ளே நடுச்சக்கரம், சுற்றும் சக்கரங்கள், வெளி வளையம். முன்னால் கிளட்ச் வேலையை எண்ணெயால் செய்யும் ஒரு டார்க் கன்வெர்ட்டர், எண்ணெய் அழுத்தம், கணினி எல்லாம் சேர்ந்திருக்கிறது. சுற்றிச் சுற்றி 1923-க்கே வந்து நின்றிருக்கிறோம்.

பிப்ரவரி 11

எஸ்.டி. இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கி செய்தது தெரியுமா? ரகசிய வேலைக்கான குட்டி நீர்மூழ்கி. அதன் பெயர் வெல்ஃப்ரெய்ட்டர். குப்பை வண்டியின் பெயரை நீர்மூழ்கிக்கு வைத்திருக்கிறார்கள்! குப்பை வண்டிக்காரனுக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

பிப்ரவரி 12

மேலே உள்ளதை நம்பாதீர்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டேன். எஸ்.டி. நீர்மூழ்கி செய்தது உண்மை, பெயரும் உண்மை. ஆனால் 'வெல்' என்பது வெல்வின் என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கிருந்த ரகசிய ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வெளிவந்த பலவற்றுக்கும் இந்த முன்னொட்டு உண்டு: வெல்பைக் என்ற குட்டி மோட்டார் சைக்கிள், வெல்ராட் என்ற சத்தமில்லாத கைத்துப்பாக்கி. 'ஃப்ரெய்ட்டர்' என்றால் சரக்கு சுமப்பது. அந்த நீர்மூழ்கியின் வேலை எதிரி கரையில் ஆளையும் சாமானையும் இறக்குவது. பெயர் அதிலிருந்தே வந்திருக்கலாம். லாரியை வம்புக்கு இழுக்க வேண்டியதில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

பிப்ரவரி 12, பின்சேர்க்கை

சாபவிமோசனமாக ஒன்று. தாழ்ந்த தளம் குப்பைக்கு மட்டும் பயன்பட்டதில்லை. 1924 முதல் வொர்திங் என்ற கடலோர ஊரில் அதே ஃப்ரெய்ட்டர் சேஸிஸில் பஸ் உடல் கட்டி ஓட்டினார்கள். ட்ராமோகார் என்று பெயர். ஓய்வுபெற்ற வயசாளிகள் நிறைந்த ஊர், ஒரே எட்டில் ஏறலாம். தாழ்தள பஸ் என்று இப்போது விளம்பரம் போடுகிறார்களே, அதன் மூதாதை குப்பை வண்டி. இது உறுதியான சேதிதான், தைரியமாகச் சொல்லலாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு. நீளமாக வரும்.

"ஃப்ரெய்ட்டர் அவ்வளவு நல்ல வண்டி என்றால் ஏன் ஒழிந்தது?" என்று மூன்று பேர் கேட்டாயிற்று. அமுக்கும் வண்டி வந்தது, இது போனது என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு பத்தி எழுதியபின் அழித்தேன். வரிசை சரியில்லை. அமுக்கும் வண்டி 1938-லேயே இருக்கிறது. இங்கிலாந்து அதற்கு முழுமனதாக மாறியது அதற்கு இருபது வருடங்களுக்கும் மேல் கழித்து. அறிவில்லாமலா இருந்தார்கள்?

பதில் தொட்டிக்குள் இருக்கிறது. இங்கே குப்பைத் தொட்டிக்கு வழக்கில் இருந்த பெயர் தூசித் தொட்டி. எடுப்பவர் தூசிக்காரர், வண்டி தூசி வண்டி. சும்மா வைத்த பெயரில்லை. எல்லா வீட்டிலும் நிலக்கரி அடுப்பு, கணப்பு. தினமும் வாரிக் கொட்டுவது சாம்பலும் கரித்துண்டும். காகிதம், காய்த்தோல் எல்லாம் அந்த நெருப்பிலேயே போய்விடும். தொட்டி சின்னதாக இருக்கும், தூக்கினால் இடுப்பு ஒடியும்.

சாம்பலை அமுக்கிப் பாருங்கள். அமுங்காது. ஏற்கெனவே அடர்த்தியான சாமான். ஹைட்ராலிக்கும் தகடும் எண்ணெயும் போட்டு அமுக்கினால் கிடைக்கிற இடம் கொஞ்சம். ஆனால் அந்தக் கரித்தூள் ஸ்லைடு, சீல், சிலிண்டர் தண்டு எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்ட மாதிரித் தேய்த்துவிடும். சாம்பல் ஊருக்கு வேண்டியது இரண்டுதான்: தாழ்ந்த விளிம்பு, தூசி பறக்காத மூடி. எஸ்.டி. அந்த இரண்டையும் கொடுத்தது. அந்தக் குப்பைக்கு அது சரியான வண்டி.

பிறகு 1952 டிசம்பரில் லண்டனில் அந்தப் புகைமூட்டம். ஆயிரக்கணக்கில் ஆள் செத்தார்கள். 1956-ல் தூய காற்றுச் சட்டம். ஊர் ஊராகப் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள். 1967-லிருந்து பத்து வருடம் நாடு முழுக்க இயற்கை எரிவாயுவுக்கு மாற்றினார்கள். அடுப்பு அணைந்தது. அடுப்பு அணைந்ததும் இரண்டு காரியம் நடந்தது: சாம்பல் வருவது நின்றது, முன்பு நெருப்பில் போனதெல்லாம் தொட்டிக்கு வந்தது. கூடவே கடைகளில் அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக். தொட்டியின் எடை குறைந்தது, கன அளவு ஊதியது.

இப்போது பழைய வண்டியில் என்ன ஆகும்? இரண்டு டன் தாங்குகிற வண்டி ஒரு டன்னிலேயே கூரை முட்ட நிறைந்துவிடும். காற்றைச் சுமந்துகொண்டு ஊர் எல்லைக்கும் தெருவுக்குமாக அலையும். இப்போதுதான் அமுக்குவதற்கு அர்த்தம் வருகிறது.

ஆக ஃப்ரெய்ட்டர் வகையை வீழ்த்தியது இன்னொரு வண்டி இல்லை, அடுப்பு. முதல் நாள் எழுதியதில் இது எனக்குத் தோன்றவேயில்லை. மூன்று பேருக்கும் நன்றி.

பிப்ரவரி 16

நேற்றைய குறிப்பை வாசித்து ஒரு தம்பி: "அண்ணா, அப்போ அமெரிக்காவில் நிலக்கரி இல்லையா?" இருந்தது. நிறையவே இருந்தது. அங்கே பல ஊர்களில் சாம்பலையும் குப்பையையும் தனித்தனியாக எடுத்தார்கள், அதனால் கலப்பில்லாத குப்பை அமுக்குகிற வண்டிக்குக் கிடைத்தது. இது மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

பிப்ரவரி 16, இரவு

நடுவில் ஒரு வண்டியை எல்லோரும் தாண்டிப் போகிறோம். எஸ்.டி.யின் முன்-பின் சாயும் வண்டி. அமுக்கும் தகடு கிடையாது. பின்பக்கம் குப்பையை ஏற்றுவார்கள். பின்பக்கம் நிறைந்ததும் டிரைவர் லீவரை இழுப்பார். பெட்டி முன்பக்கமாக, ஆமாம் கேபின் பக்கமாக, சாயும். குப்பை எல்லாம் தன் எடையிலேயே முன்னால் சறுக்கிப் போய் அடையும். பெட்டி திரும்ப இறங்கும். பின்பக்கம் காலி. மறுபடி ஏற்றலாம். கடைசியில் கொட்டுமிடத்தில் பின்பக்கமாகச் சாய்த்தால் வேலை முடிந்தது.

அரிசி மூட்டையைக் குலுக்கி இடம் பண்ணுகிற அதே வேலை. பூமி ஈர்ப்பு இலவசம், சீல் தேயாது. தெரு நடுவில் ஒரு லாரி திடீரென்று முன்பக்கம் குப்புற விழப்போவது மாதிரி நிற்கும். முதல் தடவை பார்த்தவர்கள் நிச்சயம் ஒதுங்கி ஓடியிருப்பார்கள்.

பிப்ரவரி 19

கார்வுட்டை மட்டம் தட்டிவிட்டேன் என்று சிலருக்கு வருத்தம். சமாதானத்துக்கு அவர் கதை.

கார் வுட் என்பது ஓர் ஆள். லாரிப் பெட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கில் பணம் பண்ணினார். அந்தப் பணத்தை அதிவேகப் படகுகளில் கொட்டினார். நீரில் மணிக்கு 100 மைலைத் தாண்டிய முதல் ஆள், 1931. குப்பையை அமுக்கிய லோட்-பேக்கர் அவர் பெயர் தாங்கிய கம்பெனியுடையது. உலகத்திலேயே வேகமான படகும் உலகத்திலேயே மெதுவான லாரியும் ஒரே பெயரில். இரண்டுக்கும் நடுவில் அந்த ஜாக்.

பிப்ரவரி 20

அமுக்குவது எப்படி நடக்கிறது என்று கேட்டவருக்கு. இது என் சமையல்கட்டு, நிதானமாகச் சொல்கிறேன்.

பின்பக்கத்தில் தொட்டி கவிழ்கிற குழி, அதை ஹாப்பர் என்போம். மேலே ஒரு சட்டம் சாய்வாக ஏறி இறங்கும். அதன் நுனியில் ஒரு பிளேடு, முழங்கை மாதிரி மடங்கி நிமிரும். சுழற்சி நாலு அசைவு: பிளேடு விரியும்; சட்டம் கீழே இறங்கும்; பிளேடு மடங்கிக் குழியிலிருப்பதை வழித்து அள்ளும்; சட்டம் மேலே ஏறும்போது அள்ளியதைப் பெட்டிக்குள் திணிக்கும்.

ஆனால் புத்திசாலித்தனம் அங்கே இல்லை, பெட்டிக்குள்ளே இருக்கிறது. உள்ளே சுவர் மாதிரி ஒரு பெரிய தகடு. கடைசியில் குப்பையை வெளியே தள்ளுவது அதுதான். காலி வண்டியில் அந்தத் தகடு பின்பக்கம், ஹாப்பருக்குக் கிட்டே வந்து நிற்கும். திணிக்கிற குப்பை அதன் மேல் முட்டும். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் தகட்டின் சிலிண்டரிலிருந்து ஒரு வால்வ் கொஞ்சம் எண்ணெயை விடும். தகடு கேபின் பக்கமாக இரண்டு விரற்கடை நகரும், நிற்கும். மறுபடி அழுத்தம், மறுபடி இரண்டு விரற்கடை. முதல் வாளியிலிருந்து கடைசி வாளி வரை ஒரே இறுக்கம். எதிர்க்கச் சுவர் இல்லாத காலிப் பெட்டியில் அமுக்கினால் என்ன அமுங்கும்?

அந்த வால்வை யாராவது கூடுதலாகத் திருகி வைத்தால் வண்டி நிறைய வாங்கும் என்று ஆசைப்படுவார்கள். ஒரு வருடம் எங்கள் டிப்போவில் யாரோ செய்தார்கள், யாரென்று கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டியின் பக்கச் சுவர் பலாப்பழம் மாதிரி உப்பி வந்தது. கூடவே எடை மேடையில் பின் அச்சு அளவு மீறி மாட்டியது. எழுதுவதற்கு நான், திட்டு வாங்குவதற்கும் நான்.

பிப்ரவரி 20, ஐந்து நிமிடம் கழித்து

பின் அச்சு என்று சொன்னதும் நினைவு வந்தது. காலையில் குப்பை பின்பக்கம்தான் சேரும், தகடு அங்கேதான் இருக்கிறது. அதனால் வண்டி பாதி நிறைந்தபோதே பின் அச்சு திணறலாம், முன்னச்சு லேசாக இருக்கும். முன்-பின் சாயும் கிழவண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, குப்பையை முன்னாலேயே அனுப்பிவிடும். எழுத எழுத அந்த வண்டி மேல் மரியாதை ஏறுகிறது.

பிப்ரவரி 27

எஸ்.டி.யின் பிற்காலம் சுருக்கமாக. 1960-களில் தெருவில் நின்றது பாகமாட்டிக் என்ற அமுக்கும் வண்டி. 1970-களில் ரெவோபாக். ரெவோபாக்கில் நிறுத்தி நிறுத்தி அமுக்குகிற சுழற்சி இல்லை, சுழல்கிற பற்கள் ஓயாமல் இழுத்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆள் காத்திருக்க வேண்டாம். எங்கள் டிப்போ மூத்த மெக்கானிக் ஒருவர் ரெவோபாக் பெயரைச் சொன்னாலே காதைப் பொத்திக்கொள்வார். கண்ணாடி பாட்டில் உள்ளே போகிற சத்தத்தை அவர் வாயாலேயே செய்து காட்டுவார், அது அச்சில் ஏறாது.

1980-களில் கதவில் ஷெல்வோக் டெம்ப்ஸ்டர் என்று எழுத்து மாறியது. அமெரிக்க டெம்ப்ஸ்டர் கம்பெனியின் கை அதில் சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தோடு லெட்ச்வொர்த் கதை முடிந்தது.

மார்ச் 2

டெம்ப்ஸ்டர் என்றதும் ஒருவர் "டம்ப்ஸ்டர் தொட்டிக்கும் இதற்கும் தொடர்பா" என்கிறார். நேரடித் தொடர்பு. ஜார்ஜ் டெம்ப்ஸ்டர், டென்னசி மாநிலம் நாக்ஸ்வில். இளவயதில் பனாமா கால்வாயில் நீராவி மண்வாரி ஓட்டினவர். பெரிய இரும்புத் தொட்டியை லாரியே தூக்குகிற ஏற்பாட்டை 1930-களில் கொண்டுவந்து, டம்ப் (கொட்டு) என்பதையும் தன் பெயரையும் பிசைந்து டம்ப்ஸ்டர் ஆக்கினார். பின்னால் அந்த ஊர் மேயரும் ஆனார். பாரிஸில் 1883-ல் வீட்டுக்கு வீடு மூடியுள்ள தொட்டி வைக்கச் சொல்லி ஆணையிட்ட அதிகாரி பெயர் பூபெல். பிரெஞ்சில் இன்றைக்கும் குப்பைத் தொட்டிக்கு அதுதான் சொல். ஒருவர் ஆசைப்பட்டுப் பெயர் வைத்தார், இன்னொருவருக்கு ஊரே கோபத்தில் வைத்தது.

மார்ச் 9

உதிரிச் செய்தி. ஆரஞ்சு நிறக் கூக்கா ரோபோக்கள், கார் தொழிற்சாலையில் வெல்டிங் செய்வது, அந்த ஜெர்மன் கம்பெனி பல காலம் குப்பை லாரி உடல் கட்டியது. சிமென்ட் கலவை லாரி மாதிரி சுழலும் உருளை வகை. உள்ளே திருகாணி போல் தகடு, உருளை சுற்றச் சுற்றக் குப்பை தானே முன்னால் போய் இறுகும். ரோபோ 1973-ல்தான். அந்த உருளை வகை இப்போதும் ஃபான் கம்பெனி வழியாக ஓடுகிறது. ஈரக் குப்பைக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அதில் வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள். நான் தொட்டதில்லை.

மார்ச் 21, இரவு

இப்போது வாதத்துக்குத் திரும்புகிறேன். "வீலி பின் வந்தபிறகு யாரும் தூக்குவதே இல்லை, உங்கள் தோள் வாதம் செத்துவிட்டதே" என்று ஒரு குத்தல். உண்மைதான். சக்கரத் தொட்டியை உருட்டி வந்து சீப்பு மாதிரிப் பற்களில் மாட்டினால் லாரியே தூக்கிக் கவிழ்க்கும். 1969-ல் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் டிரைவர் கீழே இறங்காமலே பக்கவாட்டுக் கையால் தொட்டியைப் பிடித்துக் கொட்டுகிற லாரி ஓட்டினார்கள், செல்லப் பெயர் காட்ஸில்லா. தோளுக்கு வேலை இல்லை.

தோளிலிருந்து வலி எங்கே போனது? முழங்காலுக்கு. மூன்று பேர் கேபினில். நாள் முழுக்க ஏறி இறங்கி ஏறி இறங்கி. சாதாரண லாரி கேபினுக்கு மூன்று படி. ஈரத்தில், இருட்டில், ஐஸில். என்னோடு ஓடிய ஒருவர் மூன்றாம் படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நான் பின்னாலிருந்து பிடிக்கப் போய் இருவருமே உருண்டோம். பின்பக்கப் படியில் தொங்கிக்கொண்டு போவது இன்னும் மோசம். ஐரோப்பியத் தரநிலையில், அந்தப் படியில் ஆள் நின்றால் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாது, ரிவர்ஸே விழாது.

இதற்கு வடிவமைப்பாளர்கள் கொடுத்த பதில் என்ன? தாழ்ந்த கேபின். டென்னிஸ் ஈகிள் எலைட் மாதிரி வண்டிகளில் கேபினை எஞ்சினுக்கு முன்னால் தள்ளி இறக்கிவிட்டார்கள். ஒரே எட்டு, நடந்து உள்ளே போகலாம், இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கலாம். எஞ்சினை எங்கே ஒளிப்பது, தரையை எப்படித் தாழ்த்துவது: 1923-ல் லெட்ச்வொர்த்தில் இரண்டு பேர் தலையைப் பிய்த்துக்கொண்ட அதே கணக்கு.

மார்ச் 22

நேற்று 'அதே' என்றது கொஞ்சம் அதிகம். அன்றைக்குத் தாழ்த்தியது குப்பைக்கு. இன்றைக்குத் தாழ்த்துவது ஆளுக்கு. ஆள் ஏறுவதற்காகத் தாழ்த்தியது வொர்திங் ட்ராமோகார்தான். எலைட்டின் தாத்தா குப்பை ஃப்ரெய்ட்டரா, பஸ் ஃப்ரெய்ட்டரா? சேஸிஸ் ஒன்றுதான், அதனால் எனக்குத் தோல்வி இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 30

மின்சார வண்டி எங்கே என்று கேட்காதீர்கள் என்று நினைத்தேன், கேட்டுவிட்டீர்கள். புதிதல்ல. பர்மிங்காம் நகரம் முதல் உலகப்போர்க் காலத்திலிருந்தே மின் குப்பை வண்டிகள் வைத்திருந்தது, பல பத்தாண்டு. நின்று நின்று போகிற வேலைக்கு மோட்டார் போல வராது, நிற்கும்போது எதுவும் தின்னாது. குதிரைக்கு அடுத்த நல்ல குதிரை அதுதான். எங்கள் டிப்போவில் ஒன்று வந்திருக்கிறது. பிரேக் பட்டை மாற்றுகிற வேலை குறைந்துவிட்டது. வண்டி வருவது காதில் விழவில்லை என்று எங்கள் ஆட்களே புகார்.

மே 11

பழைய வண்டிகள் கண்காட்சிக்குப் போனேன். ஒரு ஃப்ரெய்ட்டர் வந்திருந்தது, கரும்பச்சை. உரிமையாளர் ஏற விட்டார். கைப்பிடியைத் திருப்பினேன், கெட்டி டயர் புல்லில் அசையவே இல்லை. "வண்டி நகரும்போதுதான் திரும்பும், நின்றால் எருமை" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் சூடு. குளிர்காலத்தில் சொகுசு, கோடையில் கஷ்டம்.

அளவு நாடா டிப்போவிலேயே மறந்துவிட்டேன். கையால் அளந்தேன். தளம் என் கைக்கு இரண்டரைச் சாண், முழங்காலுக்கு ஒரு விரல் மேலே. திங்கட்கிழமை டிப்போவில் எங்கள் வண்டியின் ஹாப்பர் விளிம்பை அளந்தேன், ஐந்து சாண். தளத்தோடு விளிம்பை ஒப்பிடக்கூடாது, தெரியும், பிப்ரவரி 7-ல் திட்டு வாங்கியாயிற்று. ஃப்ரெய்ட்டரின் பக்க விளிம்பை அளக்கத்தான் போனேன். அந்த வண்டிக்குப் பக்கச் சுவரே இல்லை. குப்பைப் பெட்டியைக் கழற்றிவிட்டு வெறும் பலகை வண்டியாக்கி, மேலே நாலு பால் கேன் வைத்திருந்தார்கள்.

மே 12

பெட்டியோடு ஒன்று எங்கேயாவது நிற்பது தெரிந்தால் எழுதுங்கள். நாடாவோடு வருகிறேன்.